கூழாகிய பணத்தாளும் அதிலிருந்து உருவான சிறுபொருள்களும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

உலோகக் காசுக்கு மறுவாழ்வு உண்டென்பதைத் தமிழர் நன்கறிவர். புழக்கத்திலிருந்து நீங்கிய பொற்காசு பொற்கொல்லரிடம் உருகிப் பதக்கமாகும். உருகாமலே காசுமாலையில் கோக்கப்படுவதும் உண்டு. 'செல்லாக்காசு' என நாம் இகழ்ந்து பேசும் செப்புக்காசுக்கும் செம்பின் விலையேனும் எஞ்சும். பணத்தாளின் நிலை வேறு. அதன் மதிப்பு அது செய்யப்பட்ட பொருளில் இல்லை. அதனை வெளியிட்டவர் அளித்த உறுதிமொழியில் இருக்கிறது. அவ்வுறுதிமொழி நீங்கிய பின்னர் எஞ்சுவது ஏறத்தாழ ஒரு கிராம் எடையுள்ள, மை படிந்த துண்டுத்தாள் மட்டுமே.

அத்தகைய தாளையும் கூழாக்கி, அச்சிலிட்டுப் பதக்கங்களாகவும் தலைவர்களின் சிற்றுருவங்களாகவும் விற்ற வழக்கம் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகரான வாசிங்டனில் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தோன்றி, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை நிலவியது. நாணயவியல் சேகரிப்பாளர்கள் இப்பொருள்களை நன்கறிவர். வரலாற்றாசிரியர்களோ இவற்றை விளையாட்டுப் பொருள்கள் எனக் கருதிப் பெரிதும் கடந்து சென்றுள்ளனர். இக்கட்டுரை அவற்றின் பின்னணியை விரிவாகவும், அவற்றோடு ஒப்பிடத்தக்க இரு நிகழ்வுகளைச் சுருக்கமாகவும் நோக்குகின்றது. ஒன்று, 1945இல் மலாயாவில் மதிப்பிழந்த ஜப்பானியர் காலப் பணத்தாள். மற்றொன்று, 2017இல் சென்னைப் புழல் சிறையில் கோப்பு அட்டையாக மாறிய இந்திய ரூபாய்த் தாள். ஒரு பணத்தாள் இறக்கும்போது அது யார் கையில் இருந்தது என்பதே நாம் எழுப்பும் வினா.

எரித்தலிலிருந்து கூழாக்கலுக்கு

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861இல் தொடங்கியது. போர்ச் செலவு பெருகியபோது கூட்டாட்சி அரசு தாள் நாணயத்தை நாடியது. 1862 பிப்ரவரி 25ஆம் நாள் நிறைவேறிய சட்டத்தின்படி, பொன்னாகவோ வெள்ளியாகவோ உடன் மாற்றித் தரும் கடப்பாடு இல்லாத, ஆனால் சட்டப்படி ஏற்கப்பட வேண்டிய பணத்தாள்கள் வெளிவந்தன. பின்புறம் பச்சை மையில் அச்சிடப்பட்டமையால் மக்கள் அவற்றைக் 'கிரீன்பேக்' என்றனர். வெள்ளிச் சில்லறையை மக்கள் பதுக்கியதால் ஒரு டாலருக்குக் குறைந்த சிறு மதிப்புகளுக்கும் தாளே அச்சிட வேண்டியதாயிற்று. 3 சென்ட் முதல் 50 சென்ட் வரையிலான இச்சில்லறைத் தாள்கள் 1876 வரை வெளியிடப்பட்டன. 1863, 1864 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் அமைந்த தேசிய வங்கிகளும் தத்தம் பெயரில் தாள்களை வெளியிட்டன.

தாள் மலிந்தால் அழுக்கும் கிழிசலும் மலியும். குறிப்பாகச் சில்லறைத் தாள்கள் கைமாறிக் கைமாறி விரைவில் நைந்தன. நைந்தவற்றைக் கருவூலம் பெற்றுக்கொண்டு புதியவற்றை வழங்கியது. பெற்றுக்கொண்ட தாளை என் செய்வது? அது மீண்டும் வெளியே போனால் ஒரே கடன் இருமுறை தீர்க்கப்படும். ஆகவே தாளை அழிப்பது தூய்மைப் பணி அன்று, கணக்குப் பணி. இந்த நுட்பத்தை அக்காலச் சட்டமியற்றியோர் தெளிவாக உணர்ந்திருந்தனர். தேசிய வங்கித் தாள்கள் சாம்பலாகும்வரை எரிக்கப்பட வேண்டும் என்றும், எரிக்கும்போது நால்வர் உடனிருக்க வேண்டும் என்றும் சட்டம் விதித்தது. அந்நால்வரில் ஒருவர் கருவூலச் செயலாளரால் நியமிக்கப்படுபவர். ஒருவர் நாணயக் கட்டுப்பாட்டு அதிகாரியால் நியமிக்கப்படுபவர். ஒருவர் கருவூலரால் நியமிக்கப்படுபவர். நான்காமவர் தாளை வெளியிட்ட வங்கியின் சார்பாளர். அரசின் மூன்று கைகளும் ஒன்றையொன்று கண்காணிக்க, நான்காவது கை வெளியிலிருந்து வந்தது.

எரித்தலில் இடர்கள் இருந்தன. இறுகக் கட்டிய தாள்கட்டு எளிதில் எரிவதில்லை. ஓரம் கருகினும் உள்ளே தாள் முழுதாக நிற்கும். நல்ல கந்தலிலிருந்து செய்த உயர்ந்த காகிதம் வீணே புகையாய்ப் போவதும் உண்டு. 1874 ஜூன் 23ஆம் நாள் சட்டம் எரித்தலுக்கு மாற்றாக, ஊறவைத்து அரைத்துக் கூழாக்கும் முறையை அனுமதித்தது. பணத்தாளிலிருந்து பதக்கம் செய்யும் தொழிலுக்கு வழி திறந்தது இச்சட்டமே. சாம்பலிலிருந்து பொம்மை செய்ய இயலாது, கூழிலிருந்து இயலும்.

கூழாக்கும் பொறி கருவூலக் கட்டடத்தில் இருந்தது. எஃகாலான பெருங்கலம், உள்ளே நெருக்கமாகப் பதித்த கத்திகள், நீரும், சுண்ணாம்பு, சோடா உப்பு போன்ற காரப்பொருள்களும் சேர்க்கப்பட்டன. கலத்தின் மூடிக்கு ஒரு பூட்டன்று, பல பூட்டுகள். ஒவ்வொரு பொறுப்பாளரின் சார்பாளரும் தம் பூட்டைத் தாமே திறந்தால் அன்றி மூடி திறவாது. உள்ளே சென்ற தாள் நீராவியிலும் காரத்திலும் வெந்து, கத்திகளில் அரைபட்டு, சல்லடை வழியே கூழாக வெளியேறும். அக்கூழில் எழுத்தோ எண்ணோ தெரியும் துண்டு எஞ்சியுள்ளதா எனப் பார்த்த பின்னரே அழிவு உறுதிப்படுத்தப்பட்டது.

கூழின் பெரும்பகுதி பொம்மையாகவில்லை என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். அது தகடாக்கப்பட்டுக் காகித ஆலைகளுக்கும், புத்தகம் கட்டும் அட்டை செய்வோர்க்கும் விற்கப்பட்டது. அக்கால அமெரிக்க நூல்கள் சிலவற்றின் தடித்த மேலட்டைக்குள் பழைய டாலர்கள் உறங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

எண்ணிய கைகள்

கூழாக்கும் பொறியைப் பார்த்து வியந்தோர் பலர். ஆனால், பொறிக்கு முன்னர் நிகழ்ந்த எண்ணும் பணியே இவ்வமைப்பின் முதுகெலும்பு. அப்பணியைச் செய்தோர் பெரும்பாலும் பெண்கள்.

1861 முதல் 1875 வரை அமெரிக்கக் கருவூலராக இருந்தவர் பிரான்சிஸ் ஸ்பின்னர். ஆடவர் போர்முனைக்குச் சென்றுவிட்ட நிலையில், 1862இல் அச்சிட்ட பணத்தாள்களைக் கத்தரிக்கோலால் தனித்தனியே நறுக்கும் பணிக்குப் பெண்களை அமர்த்தத் தொடங்கினார். ஐயம் தெரிவித்தோர் பலர். பெண்களோ அப்பணியில் மட்டும் நிற்கவில்லை. திரும்பி வந்த தாள்களை எண்ணுதல், கள்ளத்தாளைக் கண்டறிதல், கிழிந்த துண்டுகளைப் பொருத்திப் பார்த்தல் எனக் கூர்மை வேண்டும் பணிகள் யாவும் அவர்கள் கைக்கு வந்தன. 1871ஆம் ஆண்டுச் சிக்காகோ பெருந்தீக்குப் பின்னர்க் கருகிய தாள்கட்டுகள் வாசிங்டனுக்கு அனுப்பப்பட்டபோது, கரிபோல் ஒட்டிக்கிடந்த தாள்களைப் பிரித்து மதிப்பைக் கண்டறிந்தோரும் அப்பெண்களே. அவர்களுக்குத் தொடக்கத்தில் வழங்கப்பட்ட ஆண்டு ஊதியம் 600 டாலர். ஆடவர் எழுத்தர்கள் பெற்றதில் ஏறத்தாழப் பாதி. நாளொன்றுக்குப் பல்லாயிரம் டாலரை விரலால் தள்ளிய ஒருத்தி, ஓராண்டு முழுதும் உழைத்துப் பெற்ற தொகையை ஒரு பிற்பகலிலேயே எண்ணி அழிவுக்கு அனுப்பியிருப்பாள்.

எண்ணிய கட்டுகளில் துளையிட்டுத் தாள்களைச் செல்லாதவையாக்கினர். பின்னர்க் கட்டு நீளவாட்டில் இரண்டாக வெட்டப்பட்டது. மேற்பாதி ஓர் அலுவலகத்திற்கும் கீழ்ப்பாதி மற்றோர் அலுவலகத்திற்கும் சென்றன. இரண்டு இடங்களிலும் தனித்தனியே எண்ணி, இரு கணக்கும் ஒத்த பின்னரே பாதிகள் கூழாக்கு கலத்திற்கு அனுப்பப்பட்டன. இன்றைய தணிக்கை முறைகளோடு ஒப்பிட்டாலும் இதில் குறைகாண்பது எளிதன்று.

சிற்றுருவங்களும் பதக்கங்களும்

காகிதக்கூழில் உருவம் செய்யும் கலை நமக்குப் புதியதன்று. நவராத்திரிக் கொலுவில் மண் பொம்மைகளுக்கு இணையாகக் காகிதக்கூழ் பொம்மைகள் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். கூழை அச்சில் அழுத்தி, உலரவைத்து, இணைப்பைத் தேய்த்து, வண்ணம் பூசுவது முறை. வாசிங்டன் வினைஞர்களும் ஏறத்தாழ இவ்வாறே செய்தனர்; ஆனால், பெரும்பாலும் வண்ணம் பூசவில்லை. காரணம் எளிது. வண்ணம் பூசினால் உள்ளிருப்பது டாலர் என்பது தெரியாது. சாம்பல் நிறப் பரப்பில் ஆங்காங்கே தென்படும் பச்சை, கருப்புப் புள்ளிகளே அப்பொருளின் விற்பனைச் சிறப்பு.

ஜார்ஜ் வாசிங்டன், ஆபிரகாம் லிங்கன், யுலிசஸ் கிராண்ட் ஆகியோரின் மார்பளவு உருவங்களும், நாடாளுமன்றக் கட்டடமும், 1885இல் திறப்புவிழாக் கண்ட வாசிங்டன் நினைவுத்தூணும் மிகுதியாகச் செய்யப்பட்டன. தலைவர்களின் பக்கத்தோற்றம் புடைத்து நிற்கும் வட்டப் பதக்கங்களும் தகடுகளும் இருந்தன. இவற்றோடு காலணி, தொப்பி, நாய், பூனை, வாத்து போன்றவையும் விற்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கூழால் செய்த அஞ்சலட்டைகளும் வெளிவந்தன. தலைநகரைக் காணவந்த வெளியூர்க் குடும்பத்தார்க்கு இவை மலிவான நினைவுப்பொருள்கள். அரசு இவற்றைச் செய்யவில்லை. கூழை வாங்கிய தனியார் செய்தனர். எனினும் ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டப்பட்ட சீட்டு அரசின் பெயரைத் தவறாமல் சொன்னது. அமெரிக்கக் கருவூலம் மீட்டுக் கூழாக்கிய பணத்தாளால் செய்யப்பட்டது என்றும், இவ்வளவு டாலர் அடங்கியதாக மதிப்பிடப்படுகிறது என்றும் அச்சீட்டு அறிவித்தது. 5,000 டாலர், 10,000 டாலர் போன்ற தொகைகள் அதில் காணப்படும்.

இத்தொகைகளை அப்படியே ஏற்கலாகாது. இன்றைய அமெரிக்கப் பணத்தாளின் எடை ஏறத்தாழ ஒரு கிராம். 1929க்கு முற்பட்ட தாள்கள் பரப்பளவில் அதனினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரியவை. எனவே எடையும் ஒன்றரை கிராம் அளவில் இருந்திருக்கும். 100 கிராம் எடையுள்ள ஒரு பதக்கத்தில் 70 தாளுக்கு மேல் அடங்க இயலாது. அதில் 5,000 டாலர் இருக்க வேண்டுமாயின் ஒவ்வொரு தாளும் சராசரியாக 70 டாலர் மதிப்பினதாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நைந்து திரும்பி வருவன பெரும்பாலும் கைமாறிக்கொண்டேயிருக்கும் 1, 2, 5, 10 டாலர்த் தாள்களே. ஆகவே ஒட்டுச்சீட்டின் எண் வணிகரின் கற்பனை என்பதே நம் துணிபு. வாங்கியவர் இதனை அறியாதவர் என்றும் நாம் கருதவில்லை. சில சென்ட் கொடுத்து ஐயாயிரம் டாலரை மேசைமேல் வைத்துக்கொள்ளும் நகைச்சுவைக்கே அவர் விலை கொடுத்தார்.

அந்நகைச்சுவை எவ்வாறு இயன்றது என்பதே வரலாற்று நோக்கில் முதன்மையானது. ஒட்டுச்சீட்டில் உள்ள 'மீட்டு' என்னும் சொல்லை நாம் கவனிக்க வேண்டும். அந்தத் தாள் அழியுமுன், அதனை வைத்திருந்தவர்க்கு அதன் மதிப்பு வேறொரு தாளாகவோ காசாகவோ கொடுக்கப்பட்டுவிட்டது. எவரும் எதையும் இழக்கவில்லை. உள்நாட்டுப் போர்க்காலத்தில் கிரீன்பேக் பொன்னுக்கு எதிராகக் கடும் மதிப்பிழப்பைக் கண்டது. 1879 ஜனவரியில்தான் அரசு அதனைப் பொன்னுக்கு ஈடாக மாற்றித் தரத் தொடங்கியது. ஆகவே 1880களில் லிங்கன் உருவத்தை வாங்கிய ஒருவர், முன்னர் ஐயத்தோடு வாங்கிய ஒரு தாள் இப்போது முழு மதிப்பும் தீர்க்கப்பட்டு இறந்திருப்பதைக் கையில் பிடித்துப் பார்த்தார். தோற்ற தென்னகக் கூட்டமைப்பின் பணத்தாள்களுக்கு இப்பேறு கிட்டவில்லை. அவற்றை மீட்பார் எவருமிலர். 1868இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 14ஆம் திருத்தம் அக்கடன்களைச் செலுத்துவதையே தடைசெய்தது. அதன் விளைவாக அத்தாள்கள் கூழாகவில்லை. பெட்டிகளில் கிடந்து, பின்னர்ச் சேகரிப்பாளர்களிடம் முழு உருவோடு சென்றன.

இங்கே ஒரு தலைகீழ் உறவைக் காண்கிறோம். மீட்கப்பட்ட தாள் உருவிழக்கிறது. மீட்கப்படாத தாள் உருவோடு எஞ்சுகிறது. இதே உறவு நம் மண்ணிலும் காணத்தக்கது.

வாழைமர நோட்டு

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஜப்பானியர் மலாயாவில் புழக்கத்துக்கு விட்ட தாள்களில் 10 வெள்ளித் தாள் வாழைக்குலையும் மரமும் தாங்கியது. அதனால் மலாய் மொழியில் அப்பணம் முழுவதற்கும் 'டுவிட் பீசாங்' என்னும் பெயர் நிலைத்தது; தமிழர் வாய்மொழியில் 'வாழைமர நோட்டு' ஆயிற்று. தொடக்கத்தில் வந்த தாள்கள் சிலவற்றில் வரிசை எண் இருந்தது. பின்னர் வந்தவற்றில் எழுத்துகள் மட்டுமே. எண்ணில்லாத தாள் என்பது எத்தனை அச்சிடப்பட்டது என்பதைத் தாளே சொல்லாத நிலை. வாசிங்டனில் ஒரு தாளை அழிக்க நால்வர் சாட்சி நின்றதை இதனோடு வைத்துப் பார்த்தல் வேண்டும். இங்கே தாள் பிறந்ததற்கே சாட்சியில்லை.

ஆக்கிரமிப்பு நீள நீளத் தாள் பெருகியது, பொருள் குறைந்தது. தோட்டத்துக் கூலியும், கடைக்கணக்கும், நகை விற்ற பணமும் அத்தாளிலேயே பெறப்பட்டன. போருக்கு முந்தைய, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் பொறித்த தாள்களை இரகசியமாகப் புதைத்தோ மறைத்தோ வைத்தவர் சிலர். அவ்வாறு மறைக்க ஏதும் இல்லாதவர் பலர். நாட்கூலி பெறுவோர்க்கு அந்தத் தெரிவே இல்லை என்பதை வரலாறு எழுதுவோர் அழுத்திச் சொல்வதில்லை. நாம் சொல்ல விரும்புகிறோம்.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பினர். பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் ஜப்பானியத் தாள்களைச் செல்லுபடியாகும் பணமாக ஏற்க மறுத்தது. போருக்கு முந்தைய மலாயாத் தாள்கள் செல்லும். 1941 என்று தேதியிட்டு அச்சிட்டு வைத்திருந்த தாள்கள் புழக்கத்துக்கு விடப்பட்டன. வாழைமர நோட்டுக்கு மாற்றுச் சாளரம் ஏதும் திறக்கப்படவில்லை. நிர்வாகத்தின் நிலையிலிருந்து நோக்கினால், எதிரி அச்சிட்ட கணக்கற்ற தாளுக்குத் தாம் ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்பதற்கு நியாயம் உண்டு. ஆனால், அத்தாளை மறுத்தால் அடிபட்டிருக்கக்கூடிய ஒரு தொழிலாளி அதைக் கூலியாக வாங்கியதில் தவறென்ன இருந்தது? மூன்றரை ஆண்டு உழைப்பின் மிச்சம் ஒரே அறிவிப்பில் தாளாயிற்று. கடன் கொடுத்தோர், வாங்கியோர் வழக்குகளைத் தீர்க்க 1948இல் ஆக்கிரமிப்புக் காலக் கடன்கள் பற்றிய சட்டம் ஒன்று வந்தது. ஜப்பானியத் தாளின் மதிப்பைக் காலத்துக்கேற்ப இறக்கிக் கணக்கிடும் அட்டவணை அதில் இடம்பெற்றது. அச்சட்டம் கடன் ஆவணம் வைத்திருந்தோர்க்கு உதவியது. கையில் தாளை மட்டும் வைத்திருந்தவர்க்கு அதில் ஒன்றுமில்லை.

அத்தாள்களை எவரும் எண்ணவில்லை, துளையிடவில்லை, கூழாக்கவில்லை. தெருவில் வீசப்பட்டவை போக எஞ்சியவை தகரப் பெட்டிகளிலும் பழைய ஆவணங்களிடையேயும் தங்கின. இன்று மலாக்காவிலோ பினாங்கிலோ பழம்பொருள் கடைகளில் வாழைமர நோட்டைப் புத்தம்புதிய பளபளப்போடு வாங்கலாம். அதன் முழு உருவே அது மீட்கப்படாததற்குச் சான்று.

புழல் சிறையின் கோப்பு அட்டை

தமிழகத்தோடு நேரடித் தொடர்புடைய நிகழ்வு அண்மைக் காலத்தது. 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என இந்திய அரசு அறிவித்தது. மதிப்பளவில் புழக்கத்தில் இருந்த பணத்தில் 86 விழுக்காட்டை இவ்வறிவிப்பு தொட்டது. டிசம்பர் 30 வரை வங்கிகளில் செலுத்த வாய்ப்பளிக்கப்பட்டது. செல்லாதவையான ஏறத்தாழ 15.4 இலட்சம் கோடி ரூபாயில் 99.3 விழுக்காடு திரும்பி வந்துவிட்டதாக இந்திய ரிசர்வ் வங்கியின் 2017-18ஆம் ஆண்டறிக்கை தெரிவித்தது.

வந்து குவிந்த தாள்மலையை அழிக்கும் பணி ரிசர்வ் வங்கியைச் சார்ந்தது. இந்தியாவில் தாள்களை எரிக்கும் பழைய முறை, இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் துண்டாக்கிக் கட்டியாக அழுத்தும் முறைக்கு வழிவிட்டிருந்தது. மணிக்கு 50,000 முதல் 60,000 தாள்களை எண்ணி, கள்ளத்தாளைப் பிரித்து, நைந்ததை அங்கேயே துண்டாக்கும் பொறிகள் இயங்குகின்றன. வாசிங்டன் பெண்களின் விரல்களும் நால்வரின் சாட்சியமும் செய்த வேலை ஒரு பொறிக்குள் அடங்கிவிட்டது. துண்டுகளில் ஒரு பகுதியைக் கேரளத்தின் கண்ணூரில் உள்ள ஒட்டுப்பலகை ஆலை ஒன்று வாங்கி, மரக்கூழில் சிறு விகிதம் கலந்து அட்டைப்பலகை செய்தது.

மற்றொரு பகுதி சென்னைக்கு அருகிலுள்ள புழல் மத்திய சிறைக்குச் சென்றது. 70 டன் தர ரிசர்வ் வங்கி இசைந்ததாகவும், முதற்கட்டமாக 9 டன் பெறப்பட்டதாகவும் 2018 ஜனவரியில் செய்திகள் வெளிவந்தன. பயிற்சி பெற்ற கைதிகள் அத்துண்டுகளைக் கூழாக்கி, அச்சிலிட்டு, உலர்த்தி, அரசு அலுவலகங்களில் 'ஃபைல் பேடு' எனப்படும் கோப்பு அட்டைகளாக்கினர். வாசிங்டனில் புத்தக மேலட்டை. புழலில் கோப்பு அட்டை. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு இடைவெளியில் கூழ் அதே வகைப் பொருளையே சென்றடைந்திருப்பதற்குக் காரணம் தற்செயல் அன்று. பருத்தி இழையால் ஆன பணத்தாள் எளிதில் கரைவதில்லை. எழுதும் தாளாக வெளுப்பதும் கடினம். தடித்த அட்டையே அதற்கு இயல்பான வடிவம். ரிசர்வ் வங்கியின் 2024-25ஆம் ஆண்டறிக்கையும் ஆண்டுதோறும் சேரும் ஏறத்தாழ 15,000 டன் கழிவை மரத்துகள் பலகை செய்யப் பயன்படுத்தும் திட்டத்தையே பேசுகின்றது.

மலேசியாவும் சிங்கப்பூரும் 2004ஆம் ஆண்டு முதல் நெகிழித்தாளைப் படிப்படியாகப் புழக்கத்தில் மிகுத்தமையால், இக்கூழ்க் கதை நம் நாடுகளில் நெடுநாள் நீடிக்க வழியில்லை. நெகிழித்தாளை உருக்கலாம்; கூழாக்க இயலாது. அது வேறு கட்டுரைக்கு உரியது.

இழுப்பறையில் தங்கிய தாள்கள்

2016ஆம் ஆண்டு நிகழ்வை வாசிங்டனோடு சேர்ப்பதா, மலாயாவோடு சேர்ப்பதா? 99.3 விழுக்காட்டை நோக்கினால் முன்னதோடு சேர்க்கத் தோன்றும். வங்கி வாயிலில் நின்ற வரிசைகளை நோக்கினால் அவ்வளவு எளிதாகச் சேர்க்க இயலவில்லை. எனினும் வரிசையில் நின்றவர்க்குப் பெரும்பாலும் மதிப்பு கிடைத்தது. வரிசையில் நிற்கவே இயலாதவர் நிலை வேறு. 2017ஆம் ஆண்டு இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், அத்தாள்கள் மீது ரிசர்வ் வங்கிக்கு இருந்த பொறுப்பு 2016 டிசம்பர் 31 முதல் நீங்கியதாக அறிவித்தது. காலக்கெடுவுக்குப் பின் மாற்றிக்கொள்ளும் சலுகை, அக்காலத்தில் வெளிநாட்டில் இருந்த இந்தியக் குடிமக்களுக்கு வழங்கப்பட்டது. அயல்நாட்டுக் குடியுரிமை கொண்ட இந்திய வம்சாவளியினரை அச்சலுகை தழுவவில்லை.

தமிழகத்துக்கு ஆண்டுதோறும் சென்றுவரும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் எத்தனையோ பேர். அடுத்த பயணத்தில் வானூர்தி நிலையத்திலிருந்து வாடகை வண்டிக்குக் கொடுக்கவென்று சில ஐந்நூறு ரூபாய்த் தாள்களை இழுப்பறையில் வைத்திருப்பது வழக்கம். நம் ஆசிரியர் பலரிடமும் அவ்வாறு இருந்தன. நவம்பர் 8க்கும் டிசம்பர் 30க்கும் இடையில் பள்ளி விடுமுறை கிடைத்துப் பயணம் மேற்கொண்டோர் சிலர் எப்படியோ மாற்றிக்கொண்டனர். பயணம் அமையாதோர் தாள்களை மீண்டும் இழுப்பறையிலேயே வைத்தனர். தொகை சிறிது, எவரும் வழக்காடப் போவதில்லை. ஆனால், ஆளுநர் கையொப்பமிட்ட உறுதிமொழி, அதனை நம்பி வைத்திருந்தவர் கையிலேயே இறந்த நிகழ்வாக இது பதிவுபெற வேண்டும்.

அச்சட்டத்தில் ஆய்வாளர்க்குரிய ஒரு விதியும் உண்டு. இந்தியாவில் பொதுவாக ஒருவர் இத்தாள்களில் பத்துக்கு மேல் வைத்திருத்தல் குற்றம். கல்வி, ஆய்வு, நாணயவியல் ஆகிய நோக்கங்களுக்காயின் 25 வரை வைத்திருக்கலாம். புழலில் கூழானவை எவர் கையில் இருந்து வந்தன என்பதை இனி எவரும் அறிய இயலாது. துண்டானதும் அந்தத் தடயம் அழிந்தது. இழுப்பறைத் தாள்களோ வரிசை எண்ணோடும், மடிப்போடும், சில வேளை ஓரத்தில் பேனாவால் குறித்த தொலைபேசி எண்ணோடும் இருக்கின்றன. தமிழாசிரியர்கள் அவற்றையும், வீட்டு மூத்தோரிடம் இன்னும் எஞ்சியிருக்கும் வாழைமர நோட்டுகளையும் மாணவரைக் கொண்டு திரட்டி, எந்தத் தாள் எந்தக் குடும்பத்தில், எந்த உழைப்புக்காகப் பெறப்பட்டது என்பதை அதனதன் அருகே எழுதி வைக்கலாம். வாழைமர நோட்டைக் கூலியாக வாங்கிய தலைமுறையினருள் இன்று நம்மிடையே இருப்போர் மிகச் சிலர். அப்பணியை அவர்களிடமிருந்து தொடங்குவதே முறை.